‘நிரந்தர’ என்று ஒரு சொல்

ஈஜிபுராவில் சம்பூர்ணமும் சாலமனும் குடியிருந்த வீட்டின் முன்னறையில்தான் தொழிற்சங்கத்தின் விதிகள் எழுதப்பட்டன. முன்னறை என்பது பேச்சுக்குத்தான். ஒரு கட்டிலும் டிவியும் போட்ட பிறகு கால் நீட்ட இடமில்லாத அறை. வக்கீல் நிருபமாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கீழே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சர்ச்சுக்குப் போய் வந்த சேலையைக்கூட மாற்றாமல் சம்பூர்ணம் எல்லோருக்கும் டீ போட்டாள்.

கணவன் மனைவி இருவருக்கும் பொம்மசந்திராவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகத் தயார் செய்து அனுப்பும் கம்பெனி. இருவரும் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில். சுரங்கம் மூடியபோது தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சாலமனின் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்பதில் சாலமன் அன்றைக்கு அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்.

"கேட்டுக்கு உள்ள வேலை செய்யற எல்லாருக்கும் ஒரே ஓட்டுன்னு மொதல்ல எழுதுங்க மேடம்," என்றார். "பர்மனென்ட், காண்ட்ராக்ட்னு கோடு போட்டது கம்பெனி. அந்தக் கோட்டை நாம எதுக்குப் போடணும்?"

நிருபமா எழுதினார். முதல் வரி இப்படி வந்தது: ‘இந்தத் தொழிற்சாலையில் உழைக்கும் நாங்கள் எல்லோரும் எங்களுக்காக ஏற்படுத்திக்கொண்ட விதிகள் இவை.’ நாட்டின் அரசியல் சட்டமும் மக்களாகிய நாம் என்றுதான் ஆரம்பிக்கிறது, இது யார் யாருக்குக் கொடுத்த சட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தலைவர் பதவி ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. புகார்களை விசாரிக்கும் கமிட்டியை உறுப்பினர்கள் தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள், தலைவருக்கு அதில் கை கிடையாது. விசாரிக்காமல் யாரையும் நீக்கக் கூடாது. விதியை மாற்ற வேண்டுமென்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும்.

"கூட்டத்துக்கு வந்தவங்கள்ல இல்ல, மொத்தத்துல," என்று நிருபமா அழுத்திச் சொன்னார்.

"ஏன் மேடம் இவ்ளோ கஷ்டமா வெக்கறீங்க?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"கஷ்டமாத்தான் இருக்கணும்மா. மாத்தவே முடியாதுன்னு வெச்சா சட்டம் செத்துடும். நெனச்சப்போ மாத்தலாம்னு வெச்சா அது சட்டமே இல்ல. அதிகாரத்துக்கு வர்றவங்க நல்லவங்களா இருப்பாங்கன்னு நம்பி எழுதக் கூடாது. வேற மாதிரி ஆளு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சு எழுதணும்."

"தலைவரா வரப்போறது இவருதான் மேடம்," என்று சம்பூர்ணம் புருஷனைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சாலமனும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

முதல் சில வருடங்கள் சங்கம் நன்றாகவே நடந்தது. கழிவறைக்குப் போக டோக்கன் வாங்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். கர்ப்பிணிகளுக்கு உட்கார நாற்காலி வந்தது. காண்ட்ராக்ட் பெண்களும் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மலர் என்று ஒருத்தி, ஈஜிபுராவிலேயே இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள், வாய்க்கு வாய் அக்கா அக்கா என்று சம்பூர்ணத்தின் பின்னாலேயே சுற்றுவாள்.

சிக்கல் ஆரம்பித்தது ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தில். வருடாந்திரப் பொதுக்குழுவை வேறு மாதத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு விதியைத் திருத்த வேண்டும். கூட்டம் போட்டார்கள், ஆள் சேரவில்லை. மறுபடி போட்டார்கள், அப்போதும் சேரவில்லை. ஒரு ஷிப்ட் உள்ளே இருந்தால் ஒரு ஷிப்ட் தூங்கும். மூன்றில் இரண்டு பங்கு பேரை ஒரே இடத்தில் நிறுத்த ஆண்டவனே வந்தாலும் முடியாது என்று சாலமன் சலித்துக்கொண்டார். மொத்தத்தில் என்பதை எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று மாற்றிவிட்டால் நிம்மதி என்றார். சம்பூர்ணத்துக்கும் அது சரியாகவே பட்டது. அந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் பழைய விதிப்படி மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் கையெழுத்து வேண்டுமே, இந்த ஒரு தடவை அலைந்துவிட்டால் போதும் என்று அவளே ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பேசினாள், பஸ் நிறுத்தத்தில் நின்று பேசினாள். காண்ட்ராக்ட் பெண்கள் என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான்கா" என்று மலர்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள்.

நிருபமா போனில் சொல்லிப் பார்த்தார். "மத்த விதி எல்லாத்தையும் காப்பாத்தறதே அந்த ஒரு விதிதான் சம்பூர்ணம். அதை இளக்கிட்டா மீதி எல்லாம் தானா இளகிடும்." வக்கீல்களுக்கு எதிலும் பயம்தான் என்று சம்பூர்ணம் நினைத்துக்கொண்டாள். திருத்தம் நிறைவேறியது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சாலமனின் இரண்டாவது பதவிக்காலம் முடியும் நேரத்தில் சம்பளப் பேச்சுவார்த்தை பாதியில் நின்றது. இந்த நேரத்தில் தலைவரை மாற்றினால் கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம் என்று செயலாளர் பிரகாஷ் தீர்மானம் கொண்டுவந்தான். இரண்டு தடவை என்ற வரம்பு போயிற்று. சம்பூர்ணத்துக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் எல்லோரும் பார்க்க, சொந்தப் புருஷனுக்கு ஆதரவாக எப்படிக் கை தூக்காமல் இருப்பது? தூக்கினாள். அடுத்த வருடம், புகார் கமிட்டிக்குத் தேர்தல் வைத்தால் கோஷ்டி சேருகிறது என்று சொல்லி, அதைத் தலைவரே நியமிப்பார் என்று மாற்றினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவலி என்று அவள் போகவில்லை. உண்மையிலேயே தலைவலிதான். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

கடைசியாக அந்த ஒரு சொல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சாலமன் சொன்னார். "புதன்கிழமை பொதுக்குழு வெச்சிருக்கு. மொதல் வரில ஒரு வார்த்தை சேர்க்கறோம். அவ்ளோதான்."

"இன்னா வார்த்தை?"

"நிரந்தர. நிரந்தரமாக உழைக்கும் நாங்கள் எல்லோரும்னு."

சம்பூர்ணம் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டாள். "காண்ட்ராக்ட் ஆளுங்க?"

"அவங்க தனியா வேற சங்கம் வெச்சிக்கட்டும். நாம வேணான்னா சொல்றோம்?" அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். "கம்பெனி நேரா சொல்டாங்க சம்பு. பர்மனென்ட் ஆளுங்களோட மட்டும்தான் ஒப்பந்தம். இல்லன்னா ரெண்டு புரொடக்சன் லைனையும் குஜராத்துக்குத் தூக்கிடுவாங்களாம். அப்போ அவங்களும் இல்ல, நாமளும் இல்ல. கொஞ்சம் பேரையாவது காப்பாத்தணும்னு நெனக்கிறது தப்பா?"

"புதன்கிழமை எத்தினி மணிக்கு கூட்டம்?"

அவர் துண்டைக் கொடியில் போட்டார். அவளுக்கே தெரிந்தது. புதன்கிழமை மத்தியானம். காண்ட்ராக்ட் ஆட்கள் பெரும்பாலும் ஷிப்ட்டில் உள்ளே இருக்கும் நேரம்.

"இது திருத்தம் இல்லங்க. இடிக்கிறது."

"மூணுல ரெண்டு பங்கு இருந்தா மாத்தலாம்னு இருக்கு. அந்த விதிக்கு வீதி வீதியா கையெழுத்து வாங்கினது யாரு? நானா?"

"விதியை மாத்தலாம்னுதான் வாங்கினேன். ஆளுங்களையே வெளிய தள்ளலாம்னு வாங்கல. யாருக்காக எழுதினதோ அவங்களையே எடுத்துட்டா மிச்சம் இன்னாங்க இருக்கு?"

"அப்படி எங்க எழுதியிருக்கு? காட்டு."

எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை எழுத வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வரவில்லை. குடத்திலிருந்து மொண்டு கழுவினாள்.

புதன்கிழமை கூட்டத்தில் அவள் எழுந்து பேசினாள். பேச்சு நன்றாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதுக்குள் கோர்த்து வைத்ததெல்லாம் மைக்கைப் பிடித்ததும் சிதறிவிட்டது. இன்றைக்கு அவர்களைத் தள்ளும் இதே வழியில் நாளைக்கு உங்களைத் தள்ளுவார்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பின்னாலிருந்து யாரோ, "ஆய்த்து அக்கா, கூத்கொளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார்கள். எதிர்த்துக் கை தூக்கச் சொன்னபோது அவளும், ஓய்வுபெறப் போகிற சின்னப்பாவும், இன்னும் ஒன்றிரண்டு பேரும் தூக்கினார்கள். தூக்காதவர்களில் பலர் அவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். சாலமன் மேடையிலிருந்து கைகளை எண்ணினார். மனைவியின் கையையும் சேர்த்துத்தான் எண்ணினார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு நிருபமாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். தாள்களைப் புரட்டினார். கூட்டத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்திருக்கிறார்கள், வந்தவர்களில் போதுமான பேர் ஆதரித்திருக்கிறார்கள், உங்கள் விதியின்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "நடந்த முறை சரியான்னு பாக்கறதுதாம்மா எங்க வேலை. நடந்தது நியாயமான்னு நாங்க பாக்க முடியாது."

வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். நிருபமா கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"நாட்டோட அரசியல் சட்டத்துக்கு இந்தப் பிரச்சனை வந்தப்போ சுப்ரீம் கோர்ட் ஒண்ணு சொல்லுச்சு. பார்லிமென்ட் எந்தப் பிரிவை வேணா திருத்தலாம், ஆனா அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாதுன்னு. எத்தனை பேர் கை தூக்கினாலும் முடியாது."

"அதே மாதிரி நமக்கும் சொல்ல மாட்டாங்களா மேடம்?"

"கேஸ் போடலாம். நான் வாதாடறேன். ஆனா யார் போடறது? பாதிக்கப்பட்டவங்க போடணும். அவங்க பேரு வெளிய வந்தா அடுத்த நாள் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. தீர்ப்பு வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அவங்க இங்கயே இருப்பாங்களா?"

சம்பூர்ணம் அன்றைக்குச் சாயங்காலமே காண்ட்ராக்ட் பெண்கள் சிலரிடம் பேசிப் பார்த்தாள். யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று எப்போதிருந்தோ தெரிந்தவர்கள்போலத் தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினார்கள். மலரிடம் போக மட்டும் அவளுக்கு முகம் இல்லை.

மழைக்காலத்தில் மலருக்கு அடிபட்டது. ஒயர் முனையில் பித்தளைக் கொண்டியை வைத்து அழுத்தும் மெஷின் அது. விரல் உள்ளே போகாமல் தடுக்க ஒரு கண்ணாடி மூடி உண்டு. மூடி இருந்தால் வேகம் குறைகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி வைத்திருந்தார். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. காண்ட்ராக்டர், அவள் போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கை ஆறினதும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கட்டுப்போட்ட கையோடு மலர் சங்க அலுவலகத்துக்கு வந்த அன்று சம்பூர்ணமும் அங்கே இருந்தாள். பிரகாஷ்தான் பேசினான். அவனுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

"நோடும்மா, பாரு, நான் இன்னா பண்ணட்டும்? மெம்பர் இல்லாதவங்களுக்கு சங்கம் கேஸ் எடுக்க ரூல்ஸ்ல எடமில்ல."

"நான் மெம்பர்தானேண்ணா? சங்கம் ஆரம்பிச்ச நாள்லருந்து கீறனே," என்றாள் மலர்.

பிரகாஷ் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தான். மலருக்கு அந்தப் புதன்கிழமையைப் பற்றி முழுசாகத் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் சம்பூர்ணத்துக்கு உறைத்தது. உள்ளறையில் சாலமன் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் வெளியே வரவில்லை.

சம்பூர்ணம் மலரை அழைத்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரியிடம் போனாள். மூடியைக் கழற்றி வைத்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் நடக்கும் நேரத்தில் சங்கத்தின் நலனுக்கு விரோதமாக வெளியில் வாக்குமூலம் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு. கீழே கையெழுத்து சாலமனுடையது. அதை அவரே வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தபாலில் அனுப்பியிருந்தார். தபால்காரர் கொடுத்தபோது இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

"நீங்க ஒதுங்கிக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். "எம் புருஷன்தான நீங்க. வேற யாரையாவது விசாரிக்கச் சொல்லலாம் இல்ல?"

"பொண்டாட்டிக்காக ஒதுங்கினான்னு பேச மாட்டாங்களா? மத்தவங்களுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?" அவர் நோட்டீஸை அவள் பக்கம் தள்ளினார். "நீ மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு. நான் முடிச்சு வெக்கறேன்."

"மூடி கழட்டினது பொய்யா?"

"நான் பொய்யின்னு சொன்னேனா?"

விசாரணை சங்க அலுவலகத்தில் நடந்தது. கமிட்டியில் இருந்த மூன்று பேரையும் நியமித்தது சாலமன். விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது, அதை யாரும் தொடவில்லை. அதன்படி அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முறையாகக் கேட்டார்கள். அவள் முறையாகப் பதில் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கேள்வி கேட்டவர்களில் ஒருத்திக்கு முன்பு பிரசவ விடுப்பைச் சம்பூர்ணம்தான் சண்டை போட்டு வாங்கிக்கொடுத்திருந்தாள். அவள் தலையைக் குனிந்தபடியே எழுதினாள்.

நீக்கினார்கள்.

அன்றைக்கே மலர் சங்க அலுவலக வாசலில் வந்து நின்றாள். காண்ட்ராக்டர் ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு புகாரை வாபஸ் வாங்கிவிட்டாளாம். ஓசூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம்.

"கோச்சிக்காத அக்கா. உனக்கே அங்க எடமில்லன்னு ஆயிடுச்சி. நான் யார நம்பிக்கினு நிக்கறது?"

சம்பூர்ணத்துக்கு அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்பதற்கு முதல் கையெழுத்து நீ போட்டாய், வாங்கினவள் நான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. மலர் இடது கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். ஓசூர் பஸ் உடனே கிடைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போக வேறு வழியில்லாமல் சாலமனும் சம்பூர்ணமும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். இருவர் உட்காரும் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. மேலே மெட்ரோ போய்க்கொண்டிருந்தது. கீழே வண்டிகள் நகரவில்லை.

வண்டி கொஞ்சம் நகர்ந்தபோது அவர் பேசினார். மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில்.

"நீ மனச விடாத சம்பு. ஒப்பந்தம் முடியட்டும். அடுத்த பொதுக்குழுல ஒரு திருத்தம் கொண்டாரேன். நீக்கினவங்கள தலைவரே திரும்ப சேர்த்துக்கலாம்னு. யாரும் எதிர்க்க மாட்டாங்க. இப்போ எது வேணா மாத்தலாம்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னார். சொன்னபடி செய்தும்விடுவார். புதன்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம், சில கைகள், அவ்வளவு போதும். தன்னை வெளியே தள்ளினவரே தன்னைத் திரும்ப உள்ளே விடுவார், வேண்டாமென்றால் மறுபடி தள்ளுவார். அந்த முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதினது எதுவும் இனி அவர் கையைப் பிடிக்காது.

"வேணாம்," என்றாள்.

"ஏன்?"

  அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காலையிலிருந்து அலைந்த களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி குலுங்கியபோது அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவள் தோளும் தானாக அதற்கு இடம் கொடுத்தது. அப்படிக் கொடுத்ததை உணர்ந்தபோதுதான், அன்றைக்கு முழுக்க வராத அழுகை அவளுக்கு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றுவிட்டது.